வெயிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ விஷயத்தைச் சொன்னதும் நான் ஒன்றும் பேசாமல் போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமே இல்லை, பயம். மொராக்கோ, சஹாரா, 250 கிலோமீட்டர், ஒரு வாரத்துச் சாப்பாட்டை முதுகில் சுமந்துகொண்டு ஓட வேண்டும் என்று நீ அடுக்கிக்கொண்டே போனபோது எனக்கு வேறு ஒரு ஆள் கண்முன்னால் வந்து நின்றார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நாலு ராத்திரி உட்கார்ந்து இந்த மாரத்தான் தே சாப்ல் என்கிற பாலைவன ஓட்டப் போட்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தமிழில் அதிகம் இல்லை, ஆங்கிலத்தில் இருந்ததை உன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். 1984-ல் பாத்ரிக் பாவர் என்கிற பிரெஞ்சுக்காரர் சஹாராவில் 350 கிலோமீட்டர் தனியாக நடந்தாராம், அதிலிருந்து வந்த யோசனைதான் 1986-ல் போட்டியாகத் தொடங்கியது. கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் இரண்டு ஒட்டகங்கள் நடந்து வரும், அவை தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது என்பதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஒட்டகம் நடக்கிற வேகம்தான் கெடு என்றால் நடந்தே முடிக்கலாம் இல்லையா? நீ ஓடுகிறேன் ஓடுகிறேன் என்கிறாய். அங்கே போகிறவர்களில் பாதிக்கு மேல் நிறைய நேரம் வேகமாக நடக்கத்தான் செய்கிறார்களாம். அதனால் நடையைப் பழகு. முதுகில் சுமையோடு, மணலில், விடாமல் நாலு மணி நேரம் நடக்கிற நடை. அதை ஓட்டத்துக்குக் குறைந்ததாக நினைக்காதே.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ கேட்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் உப்பளத்து வெயிலில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். மலை ஏறுவதைப் பற்றியோ கடலில் நீந்துவதைப் பற்றியோ நீ கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. வெயிலும் உப்பும் தெரியும், அதைச் சொல்லாமல் உன்னை அனுப்ப முடியாது.

முதல் விஷயம், உடம்பை வெயிலுக்குப் பழக்குவது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருப்பாய், ஐப்பசி கார்த்திகையில் மழை வந்தால் அளம் முழுவதும் தண்ணீர், வேலை கிடையாது, எல்லாரும் வீட்டில்தான். தை, மாசிக்கு மேல் மறுபடி பாத்தியில் இறங்கினால் முதல் வாரம் தலைவலி, கிறுகிறுப்பு, சாப்பாடு இறங்காது. முந்தின ஆடியில் அதே ஆள் அதே வெயிலில் சிரித்துக்கொண்டே உப்பு வாரியவர்தான். பத்துப் பன்னிரண்டு நாள் ஆனால் உடம்பு பிடித்துக்கொள்ளும். இதற்குக் காரணம் என்ன என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறதாம், வியர்வை முன்கூட்டியே வர ஆரம்பிக்கிறதாம், வியர்வையோடு போகிற உப்பு குறைகிறதாம், அதே வேலைக்கு நாடித்துடிப்பு இறங்குகிறதாம். ஆனால் இரண்டு மூன்று வாரம் வெயிலை விட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் இப்போதே ஆரம்பித்துப் பிரயோஜனம் இல்லை, போட்டி ஏப்ரலில் என்றால் மார்ச் கடைசியில் செய்.

லீட்ஸில் மார்ச்சில் வெயிலுக்கு எங்கே போவாய் என்று யோசித்தேன். நீ சொன்ன அந்த வெந்நீர்த் தொட்டி விஷயத்தைத் தேடிப் பார்த்தேன், உண்மைதான். வேல்ஸில் பேங்கர் பல்கலைக்கழகத்தில் ஓடி முடித்தவர்களை 40 டிகிரி வெந்நீரில் 40 நிமிடம் வரை உட்காரவைத்து, ஆறே நாளில் உடம்பு வெயிலுக்குப் பழகத் தொடங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். சரி, செய். ஆனால் வீட்டில் ஆள் இல்லாதபோது செய்யாதே. தொட்டியிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், மெதுவாக எழுந்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் நில். குளியலறைக் கதவைத் தாழ் போடாதே, அறையில் கூட இருக்கிற பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போ.

அடுத்தது தூக்கம். நீ காலையில் ஆபீசுக்கு ஒன்பது கிலோமீட்டர் பையோடு ஓடுகிறாய், சாயங்காலம் திரும்ப ஓடுகிறாய், ராத்திரி பதினோரு மணி வரை அந்தப் படிப்பு. ஆபீசுக்கு ஓடிப்போவது நல்ல யோசனை, தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டால் சுமையும் பழகும். சனி ஞாயிறு அடுத்தடுத்து நீண்ட ஓட்டம் வைத்திருப்பதும் சரிதான், ஏனென்றால் அங்கே களைத்த காலோடுதான் மறுநாள் கிளம்ப வேண்டும், முதல் நாள் ஓடுவது யாருக்கும் கஷ்டம் இல்லை. லிவர்பூல் பக்கம் ஃபோர்ம்பி மணல்மேட்டுக்கு மாதம் ஒருமுறை போவதாகச் சொன்னாயே, அதை விடாதே, மணலில் குதிகால் புதையும்போது பின்னங்கால் நரம்பு படுகிற பாடு ரோட்டில் ஓடினால் தெரியவே தெரியாது. ஆனால் இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து எடுக்கிறாய்? தூக்கத்திலிருந்து எடுக்கிறாய். ஐந்து மணி நேரம் தூங்குகிறேன் என்று உங்கம்மாவிடம் சொன்னாயாம். அளத்தில் நாங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் கட்டிக்கொண்டு இறங்குவோம், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக. அதற்காக ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிடுவோம், கல்யாண வீடு என்றால்கூடப் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுவோம். தூங்காமல் வந்தவன்தான் முதலில் விழுவான், இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு ஓட்டத்தை எடுத்துவிட்டு அந்த நேரம் தூங்கு. படிப்பில் இந்தப் பருவத்துக்கு ஒரு பாடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேள். லீவையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, போட்டி முடிந்து வந்த மறுநாளே ஆபீஸ் என்று வைக்காதே. கால் வீங்கியிருக்கும், உன்னால் ஷூவே போட முடியாது.

தண்ணீர் விஷயத்தில் நீ தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறாய், அதைத் திருத்த வேண்டும். "நிறையத் தண்ணி குடிப்பேன்ப்பா" என்றாய். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், மூளை வீங்கும், உயிரே போகும். தாகம் எடுத்துச் செத்தவர்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்க ஆச்சி அளத்துக்குக் கொடுத்துவிட்ட தூக்குவாளி ஞாபகம் இருக்கிறதா? பழைய சோற்றுத் தண்ணீர், கல் உப்பு, சின்ன வெங்காயம். நாள் முழுக்க உப்பிலேயே நிற்கிறோம், கை கால் எல்லாம் உப்பு, இதில் குடிக்கிற தண்ணீரிலும் உப்பா என்று சிறுவயதில் ஆச்சியிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே உப்பு மாத்திரையைத் தவறாமல் எடு. அது உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று இங்கிலாந்திலேயே நீண்ட ஓட்டத்தில் சோதித்துப் பார். அப்புறம், வலிக்கு இபுப்ரோஃபன் போடாதே. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், நம்ம தெரு மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

சாப்பாட்டுக் கணக்கை உங்கம்மாவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்கப் போட்டோம். போட்டி விதிப்படி தண்ணீர் சேர்க்காமல் பை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்குக் குறைந்தது 2000 கலோரி காட்ட வேண்டும். அப்படியானால் எந்தச் சாப்பாடு எடை குறைவாக இருந்து சக்தி அதிகம் கொடுக்கும் என்பதுதான் கேள்வி. அரிசியும் அவலும் 100 கிராமுக்கு 350 கலோரியைச் சுற்றித்தான் வரும். நிலக்கடலை 550-க்கு மேல். கோவில்பட்டி கடலைமிட்டாய் 500-ஐ ஒட்டி வரும். நீ அங்கே ஐந்து பவுண்டு கொடுத்து வாங்குகிற அந்த எனர்ஜி பார் கட்டியைவிட இது ஒன்றும் மட்டமில்லை. ஆனால் இனிப்பு மூன்றாம் நாள் திகட்டிவிடும், வெயிலில் நாக்கு புளிப்பையும் உப்பையும்தான் கேட்கும். அதனால் உப்புக்கடலையும், உப்பு போட்டுக் காயவைத்த நெல்லிக்காயும் கொஞ்சம் எடுத்துக்கொள். எல்லாவற்றையும் ஒரு தடவையாவது ஆறு மணி நேரம் ஓடும்போது தின்று பார்த்திருக்க வேண்டும். புதுச் சாப்பாட்டை அங்கே போய்ப் பிரிக்காதே.

காலுக்கு: ஷூ ஒரு அளவு பெரிதாக எடு, கால் வீங்கும். மணல் உள்ளே போகாமல் இருக்கிற அந்தத் துணி உறையை ஒட்டுப்பட்டை வைத்து ஷூவைச் சுற்றிலும் தைக்க வேண்டுமாம், அதை வீட்டில் பசை போட்டு ஒட்டாதே, செருப்பு தைக்கிற கடையில் கொடுத்து நூல் போட்டுத் தை. அளத்தில் ஒரு சின்னக் கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டால் உப்புத் தண்ணீர் பட்டு ரெண்டே நாளில் குதிகால் முழுக்கப் புண்ணாகிவிடும். காலில் ஒரு இடத்தில் சூடு தெரிந்த உடனே நில், ஷூவைக் கழற்று, டேப் ஒட்டு. பத்து நிமிஷம் போனால் போகட்டும். உடம்புக்கு ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து, மற்ற விஷயமெல்லாம் உங்கம்மா பேசுவாள்.

இனி அந்த ஆளைப் பற்றி.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், சித்திரை மாதம். என்னோடு வாருபலகை பிடித்தவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், அளத்திலேயே பலசாலி. அப்போது நான் வேலை பார்த்த அளத்தில் ஒதுங்க ஒரு கொட்டகைகூடக் கிடையாது. அன்றைக்கு உப்பு ஏற்ற லாரி வருகிறது என்று வெயில் ஏறியும் விடாமல் வேலை நடந்தது. பதினோரு மணி வாக்கில் அவர் பேச்சு மாறியது. முந்தின வருஷம் முடித்த பாத்தியைப் பற்றி இப்போது நடப்பதுபோலப் பேசினார். நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "உட்காருங்கண்ணே" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லலே, சோலியப் பாரு" என்று கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. நானும் சரி என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் வரப்பில் விழுந்தார். தண்ணீரை ஊற்றி, சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ரோட்டுக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் போய்விட்டது, அதற்கப்புறம் அவர் அளத்தில் கால் வைக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் நான் ஏன் அவர் சொன்னதை நம்பினேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெயில் மூளைக்கு ஏறிவிட்டால், ஏறியது அந்த ஆளுக்குத் தெரியாது பாப்பா. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிற வாயே முதலில் கெட்டுப்போகிறது. நீ பிடிவாதக்காரி, அது என்னிடமிருந்து வந்தது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த இடத்தில் உன் பிடிவாதம் உனக்கு எதிராக வேலை செய்யும். 1994-ல் இதே போட்டியில் மௌரோ ப்ரோஸ்பெரி என்கிற இத்தாலிக்காரர் மணல்புயலில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்து வழி தவறி, ஒன்பது நாளுக்கு மேல் அலைந்து அல்ஜீரியாவுக்குள் போய்ச் சேர்ந்தார். வௌவால் ரத்தத்தைக் குடித்து உயிர் பிழைத்திருக்கிறார். பென்டத்லான் என்கிற ஐந்து விளையாட்டுப் போட்டியில் தேறிய வீரர் அவர், திடம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது எல்லாருக்கும் ஜிபிஎஸ் கருவி கொடுக்கிறார்கள், தொலைந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். தொலையாமல் பாதையிலேயே நடந்துகொண்டிருக்கும்போது புத்தி தடுமாறினால் அந்தக் கருவிக்குத் தெரியுமா?

அதனால் எனக்கு ஒரே ஒரு காரியம் செய். உன் கூடாரத்தில் எட்டுப் பேர் என்றாய். முதல் ராத்திரியே மற்ற ஏழு பேரிடமும் சொல்லிவிடு: நான் சம்பந்தமில்லாமல் பேசினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், நடை கோணினால், நான் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், என்னை உட்காரவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். நீயும் அவர்களுக்கு அதையே செய். அவர்கள் திட்டினாலும் விடாதே. ஒரே கட்டமாக 80, 90 கிலோமீட்டர் போக வேண்டிய அந்த நாளில் முடிந்தால் தனியாகப் போகாதே, உன் வேகத்துக்கு ஒத்த ஒருவரோடு சேர்ந்து போ.

பார்சல் நேற்று அனுப்பிவிட்டேன். உங்கம்மா எடை போட்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் கலோரி எழுதி ஒட்டியிருக்கிறாள். உன் கணக்குக்கு வெளியே தனியாக ஏழு பொட்டலம் கடலைமிட்டாய் இருக்கிறது, சிவப்பு நூல் கட்டியது, அது உனக்கு இல்லை. அந்த முதல் ராத்திரி, கூடாரத்தில் விஷயத்தைச் சொல்லும்போது ஆளுக்கு ஒன்று கொடு.

அப்பா