கிளைச் சிறை நோய்த்தடுப்புப் பணி: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வேலை நாள் என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. நாடாளுமன்றத் தேர்தல் வந்த ஏப்ரலில் மட்டும் கூட்டம் நடக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விஷயம். மத்திய சிறையில் தண்டனைக் கைதி ஆண்டுக்கணக்கில் இருப்பார், அவரைப் பரிசோதிக்கவும் மருந்து கொடுக்கவும் நேரம் உண்டு. நம் ஊர் கிளைச் சிறை அப்படி இல்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாம் ரிமாண்டு, அதாவது தீர்ப்பு வராமல் விசாரணைக் காவலில் இருப்பவர்கள். காவலை நீட்டித்தாலும் ஒரு தடவைக்கு 15 நாள்தான். சிலர் மூன்றாம் நாளே ஜாமீனில் கிளம்பிவிடுகிறார்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிட வேண்டியது 6 மாதம். இந்த ஆண்டு நாம் பட்ட பாடெல்லாம் இந்த 15 நாளையும் 6 மாதத்தையும் ஒட்டவைக்கப் பட்ட பாடுதான்.

ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது வயசுப் பையன் ஒருவன், அடிதடி வழக்கு. மூன்று வாரமாக இருமல் என்று வார்டர் ஒருவர் கவனித்துச் சொன்னார். சளி எடுத்தோம். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ட்ரூநாட் மெஷினுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும், ஆனால் சளிக் குப்பி சிறையிலிருந்து அந்த மெஷினுக்குப் போய்ச் சேர நான்கு நாள் ஆனது. ஆய்வகம் ஒருநாள் லீவு, மறுநாள் கொண்டுபோக ஆள் இல்லை, அடுத்த நாள் கையெழுத்து இல்லை. முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்தபோது பையன் ஜாமீனில் போயிருந்தான். பதிவேட்டில் இருந்த செல் நம்பர் வக்கீலுடையது. அவர் எடுக்கவே இல்லை. கடைசியில், மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்க வந்த அவன் அம்மா வாசலில் டீக்கடைக்காரரிடம் சொந்த ஊரைச் சொல்லியிருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பன்னிரண்டு நாள் கழித்து மருந்து தொடங்கியது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் ஓர் அறை வீட்டில் கைக்குழந்தையோடு படுத்திருக்கிறான்.

அதன்பிறகு கண்காணிப்பாளரிடம் பேசி மூன்று ஏற்பாடுகள் செய்தோம். உள்ளே வரும் அன்றே இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை பற்றி நான்கு கேள்வி கேட்பது. சளிக் குப்பியை நம் உறுப்பினரே இருசக்கர வண்டியில் கொண்டுபோவது. வக்கீல் நம்பரோடு வீட்டு நம்பர் ஒன்றும், பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றும் வாங்கிவைப்பது. கடைசிதான் சின்ன விஷயம், பலன் கொடுத்ததும் அதுதான். ஜாமீன் உத்தரவு வரும் அன்றே மருந்து அட்டையும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான கடிதமும் கையில் கொடுத்து அனுப்புகிறோம். ஊட்டச்சத்துக்கு அரசு தரும் தொகை நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. ஆனால் அது வங்கிக் கணக்கில்தான் விழும். உள்ளே இருப்பவர் பாஸ்புக்குக்கு எங்கே போவார்? வீட்டுக்காரர்களிடம் கேட்டு வாங்குவதையும் நாமே செய்கிறோம்.

டிசம்பர் 7-ல் தொடங்கிய 100 நாள் காசநோய் இயக்கம் சிறைவாசிகளையும் முதல் வரிசையில் வைத்தது நமக்குத் தெம்பாக இருந்தது. அதுவரை “இவனுங்களுக்கு எதுக்கு சார்” என்று கேட்டவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

காற்றோட்டம் பற்றி. 2016 மாதிரிச் சிறைக் கையேடு, படுக்கும் இடம் ஒருவருக்கு 3.71 சதுர மீட்டர் என்கிறது. நாங்கள் டேப் வைத்து அளந்தோம், அதில் பாதிதான் தேறியது. 2022-ல் நாட்டுச் சிறைகளில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். அதை நம்மால் மாற்ற முடியாது. ஜன்னலை மாற்ற முடியும். வெளியிலிருந்து பீடிக்கட்டு எறிகிறார்கள் என்று இரண்டு ஜன்னலைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். தகரத்தை எடுத்துவிட்டு இரும்பு வலை போட ஒப்புக்கொள்ளவைக்க ஏழு மாதம் ஆனது.

சொறி விஷயத்தில் தப்பு நம்முடையது, ஒப்புக்கொள்கிறேன். ஜூனில் அரிப்பு இருந்தவர்களுக்கு மட்டும் பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தோம். மூன்று வாரத்தில் பழையபடி வந்து நின்றது. வராமல் என்ன செய்யும்? பூச்சி உடம்பில் ஏறி அரிப்பு தொடங்கவே சிலருக்கு நாலைந்து வாரம் ஆகும், அதுவரை அவர் பக்கத்தில் படுப்பவருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஆகையால் இரண்டாம் தடவை ஒரே இரவில் அத்தனை பேரும், வார்டர்கள் உட்பட, கழுத்திலிருந்து கால்வரை தடவிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஜமுக்காளம், போர்வை எல்லாம் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்தோம். வார்டர்களைச் சம்மதிக்கவைத்தது பெரிய கதை, அது இங்கே வேண்டாம்.

அப்புறம் சவரம். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். ஒரே பிளேடில் பத்துப் பேர் முகம் வழித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆளுக்கொரு பிளேடு கொடுங்கள் என்றால் பாதுகாப்பு என்று மறுத்தார்கள், அதிலும் நியாயம் உண்டு. வழி சொன்னவர் முடிதிருத்த வருகிறவர். பிளேடை இரண்டாக ஒடித்து ஆளுக்குப் பாதி, முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். இப்போது அதுதான் வழக்கம்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மைய (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஊழியர்கள் வந்தார்கள். சம்மதித்தவர்களுக்கு மட்டும் எடுத்தார்கள், 2017 சட்டம் சொல்வதும் அதைத்தான். பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே, அவருக்கு எச்.ஐ.வி. என்று காட்டிக்கொடுப்பதுபோல், சிவப்பு மையில் குறியிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அன்று மாலையே தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அந்தப் பக்கம் மாற்றி எழுதப்பட்டது. டெங்குக்குத் தொட்டி மூடி போட்டோம், வேறொன்றுமில்லை.

ஜூலை 23 அன்று சுப்பிரமணிய சிவா நினைவு நாளில் வார்டர்களோடு ஒரு சிறு கூட்டம் நடத்தினோம். 1908-ல் வ.உ.சி.யோடு கைதானவர் 1912-ல் சேலம் சிறையிலிருந்து வெளியே வந்தபோது தொழுநோயோடு வந்தார். ரயிலில் ஏறத் தடை வந்தது, கால்நடையாகவும் வண்டியிலும் ஊர் ஊராகப் போனார், 1925-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். மண்டேலாவுக்கும் 1988-ல் சிறையில்தான் காசநோய் வந்தது என்று சொன்னபோது, அவரைத் தெரியாத வார்டர்கள்கூட சிவா கதையில் கண்கலங்கினார்கள். 2025 ஜூலையில் சிவா மறைந்து நூறு ஆண்டு. அன்று வீட்டாருக்கும் சேர்த்து ஒரு மார்பு எக்ஸ்ரே முகாம் நடத்தலாம் என்று செயற்குழு கருதுகிறது. தீர்மானம் பிறகு வரும்.

கண்காணிப்பாளர், அரசு மருத்துவர், காசநோய்ப் பிரிவு ஊழியர்கள், அந்த டீக்கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி. ஜாமீனில் போனவர்களுக்கு வாரா வாரம் போன் செய்யும் வேலையை இதுவரை மூன்று பேர் பார்த்தோம், அதில் ஒருவர் மகன் வீட்டுக்குச் சென்னை போகிறார். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்