சல்யூட்-7: இணைப்புக்குப் பின் நடந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்வெளி நிலையங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா தங்கியிருந்த சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட்-7 மறு ஆண்டே செயலிழந்ததையும், அதை மீட்க சோவியத் விண்வெளி வீரர் விளாதிமிர் ஜானிபெகோவ் சென்றதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆனால், அவர் சென்ற சோயுஸ் விண்கலம் நிலையத்தோடு இணைந்ததும் கட்டுரை முடிந்துவிடுகிறது. மின்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, அதற்குப் பிறகு நடந்த வேலைதான் பெரிதாகப் படுகிறது.

ஜானிபெகோவை அனுப்பியதற்குத் துணிச்சல் மட்டும் காரணமல்ல. ஐந்து முறை விண்வெளி சென்ற அவர், ஐந்திலும் குழுத் தலைவராகவே இருந்தார். 1982 ஜூனில் இதே நிலையத்தை நெருங்கும் வேளையில் சோயுஸ் டி-6 கலத்தின் கணினி பழுதானபோது, கைக்கட்டுப்பாட்டிலேயே ஓட்டி அதை இணைத்தவர் அவர். 1984 ஜூலையில் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா, விண்வெளியில் நடந்த முதல் பெண்ணாக இந்நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது உடன் இருந்தவரும் அவரே.

1985 பிப்ரவரியில் நிலையத்துடனான தொடர்பு அறுந்தது. ஜூன் 6 அன்று சக வீரர் விக்தர் சாவினிக்குடன் புறப்பட்ட ஜானிபெகோவ், சமிக்ஞை எதுவும் தராத அந்நிலையத்தைப் பக்கவாட்டுச் சன்னல் வழியே பார்த்தபடி ஜூன் 8 அன்று அணுகினார். கையில் பிடித்த லேசர் கருவியால் சாவினிக் தூரத்தை அளந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே சுவர்களில் உறைபனி படிந்திருந்தது, குடிநீரும் உறைந்திருந்தது. காற்றோட்ட விசிறிகள் நின்றுவிட்டதால், எடையற்ற அச்சூழலில், விட்ட மூச்சின் கரியமில வாயு முகத்தைச் சுற்றியே தேங்கும்; ஆகவே ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் அவரைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் காரணம், மின்கலங்கள் நிறைந்துவிட்டதாகத் தவறாகக் காட்டி, சூரியத் தகடுகளிலிருந்து அவற்றைத் துண்டித்துக்கொண்டே இருந்த ஓர் உணரி (சென்சார்)! கெடாத மின்கலங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைத் தகடுகளோடு கம்பிகளால் நேரடியாக இணைத்தார்கள். பிறகு சோயுஸின் உந்துபொறிகளை இயக்கி, நிலையம் முழுவதையும் சூரியனை நோக்கித் திருப்பி மின்னேற்றினார்கள். வெப்பம் ஏறியதும் பனி உருகிப் பரவிய ஈரத்தை, மின்கசிவுக்கு அஞ்சி, துணிகளால் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 2 அன்று இருவரும் வெளியே சென்று கூடுதல் சூரியத் தகடுகளையும் பொருத்தினார்கள். மேற்பார்வையாளர் அருகில் நிற்கும் துணைமின் நிலையத்திலேயே இத்தகைய நேரடி இணைப்புக்குக் கை தயங்கும் என்பதை என் துறையினர் அறிவார்கள்.

இன்று இணையத்தில் ஜானிபெகோவின் பெயரைத் தேடுவோருக்கு, சுழன்றபடியே திடீர் திடீரெனத் தலைகீழாகத் திரும்பும் ஒரு விங் நட்டின் (இரு இறக்கைகள் கொண்ட திருகுமரையின்) காணொளிதான் முதலில் கிடைக்கிறது. அதே 1985 பயணத்தில் சரக்குகளைப் பிரிக்கும்போது அவர் கவனித்தது அது. வேடிக்கையான காட்சிதான், ஆனால் அவர் புகழுக்கு அது மட்டுமே போதாது.

ஜானிபெகோவ் செப்டம்பர் 26 அன்று பூமிக்குத் திரும்பினார். மறு ஆண்டு லியோனித் கிசிம், விளாதிமிர் சலவியோவ் இருவரும் மீர் என்ற மற்றொரு சோவியத் விண்வெளி நிலையத்திலிருந்து சல்யூட்-7க்குச் சென்று சுமார் 50 நாட்கள் பணியாற்ற முடிந்ததென்றால், அது இந்தப் பழுதுபார்ப்பின் பலன். கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், அதில் இவ்விவரங்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர்,
மதுரை.