அவரைக் குழம்புக்கு ஒரு மேசை

கோத்தகிரி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பச்சைத் தேயிலை விலைதான் ஏறமாட்டேன் என்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மே மாதம் ஊட்டியில் பெரிய ஹோட்டலில் தங்கும்போது சாப்பாட்டோடு சேர்த்து அறை எடுப்பதா, வேண்டாமா என்று கேட்டிருந்தாய். சி.பி. என்று போட்டிருந்தால் வாடகையில் காலை டிபன் மட்டும் அடக்கம். எம்.ஏ.பி. என்றால் கூடவே மதியமோ இரவோ ஒரு வேளை; ஏ.பி. என்றால் மூன்று வேளையும். நீங்கள் சி.பி. எடுங்கள். பைக்காரா, குன்னூர் என்று கிளம்பிவிட்டால் மே மாத நெரிசலில் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வர முடியாது. இரவில் உன் மாமனார் ஏழு மணிக்கெல்லாம் சாப்பிட்டு மாத்திரை போடுகிறவர். பஃபே திறக்கும்வரை அவரைக் காக்கவைக்காதே, அறைக்கே ரசம் சாதம் கொண்டுவரச் சொல். பில்லையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; வெளியே சாதாரண உணவகத்தில் 5தான். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம்.

அப்புறம், ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் குழையாது. மாவும் குளிரில் சீக்கிரம் புளிக்காது. நாங்கள் கம்பளி சுற்றி அடுப்போரம் வைப்போம். பெரிய சமையல்கூடங்கள் இதையெல்லாம் சமாளித்துவிடுகின்றன. ஆனாலும் மேசையில் பரப்பிய இட்லி சட்டென்று ஆறிப்போகும். கல்லில் ஊற்றி நேரே தட்டில் போடும் தோசையைக் கேட்டு வாங்குங்கள்.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, சென்னை கன்னிமரா ஹோட்டலின் ரெயின்ட்ரீ உணவகத்தில் நீங்கள் செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிட்ட பகுதியைத்தான். ஆச்சிமார் வீட்டு அடுப்படிச் சமையலுக்கு நட்சத்திர ஹோட்டலில் தனி உணவகம்! பார்க் ஷெராட்டன் ஹோட்டலில் இருந்த தக்‌ஷிண் உணவகமும் அப்படித்தான், தென்மாநிலங்கள் நான்கின் சமையலையும் மரியாதையோடு பரிமாறியது. எங்கள் மலையில் அதைச் செய்ய ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

போன மாதம் உறவுக்காரப் பையன் கல்யாண வரவேற்பு ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. பாஸ்தா இருந்தது, பன்னீர் இருந்தது, கோபி மஞ்சூரியன் இருந்தது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டும் எங்கள் நீலகிரி மலையின் படகர் சமூகம்தான். பந்தியில் ஒரு கரண்டி அவரைக் குழம்பு இல்லை. பெரியவர்கள் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். எனக்கு மனசு ஆறவேயில்லை.

ஹாஸ்டலுக்கு நான் கொண்டுவந்த அவரைக் குழம்பு உனக்கு நினைவிருக்கும். அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து, வீட்டில் இடித்த மசாலா போட்டு, கெட்டியாக இறக்கும் குழம்பு. கிழங்கு 1820களில், வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் துரை காலத்தில் மலைக்கு வந்தது என்பார்கள். அவரை அதற்கு முன்பே எங்கள் ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், இருந்தது. சாமைச் சோற்றுக்கும் ராகிக் களிக்கும் அதுதான் துணை. இப்போது சாமை விளைந்த நிலமெல்லாம் தேயிலையும் கேரட்டும். விளைகிற கிழங்கும் பூண்டும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போகின்றன. மலை ஹோட்டல்கள் வாரம் இரண்டு நாள் சாமைச்சோறு போட்டாலே போதும், நாலு பேர் மறுபடி விதைப்பார்கள். இதை நான் நிச்சயமாக நம்புகிறேன்.

அதனால் நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அறை பதிவு செய்யும்போதே, எங்களுக்கு ஒரு வேளை படகர் சமையல் வேண்டும் என்று எழுதிக் கேள். விருந்தாளி கேட்டால் செஃப் காதுகொடுப்பார். உள்ளூர்க்காரி நான் சொன்னால், பார்க்கலாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். மசாலாப் பொடி நான் தருகிறேன், வேண்டுமென்றால் எங்கள் மகளிர் குழுவில் இருவர் வந்து சமைத்தும் காட்டுவார்கள்.

வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதே. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். வரும்போது ரெயின்ட்ரீ மெனு அட்டையைப் படம் எடுத்திருந்தால் கொண்டுவா. வீட்டுச் சமையலை அவர்கள் எப்படி வரிசைப்படுத்தி, என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று குழுவில் காட்டவேண்டும்.

அன்புடன்,
சாந்தி