வகுத்தது சரி, பெருக்கியது தவறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் மின்காப்புப் பொருட்கள் பற்றி வந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் அதிலுள்ள கணக்கு ஒன்று இடிக்கிறது. முறிவு மின்னழுத்தத்தை, அதாவது காப்பு உடைந்து பொறி பாயும் மின்னழுத்தத்தை, தடிமனால் வகுத்தால் மின்காப்பு வலிமை கிடைக்கும், சரி. அந்த எண்ணையே வேண்டிய தடிமனால் பெருக்கி, "இத்தனை கேவி (கிலோவோல்ட்) தாங்கும்" என்று முடித்திருக்கிறார்களே, அதுதான் ஆகாது.

25 மைக்ரான் (0.025 மில்லிமீட்டர்) பாலியஸ்டர் படலம் ஏறத்தாழ 7 கேவி தாங்கும். மில்லிமீட்டருக்கு 280 கேவி என்று கணக்கு வரும். அதற்காக 250 மைக்ரான் தாள் 70 கேவி தாங்கிவிடாது. அதில் பாதியைக்கூட எட்டாது. தடிமன் கூடக்கூடப் பொருளுக்குள் பலவீனமான இடங்கள் கூடும், உள்ளே பிறக்கும் சூடு வெளியேறவும் வழி குறையும். காற்றும் இப்படித்தான். சீரான மின்புலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 30 கேவி, அதுவும் மாறுமின்னழுத்தம் ஏறித் தொடும் உச்ச மதிப்பு. வழக்கமாக மீட்டர் காட்டும் ஆர்எம்எஸ் கணக்கில் 21தான். கூரான கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் விட்டுப் பாருங்கள். கம்பி நேர்முனையாக இருந்தால், 3000 அல்ல, 500 கேவி அளவிலேயே பொறி பாய்ந்துவிடும்.

டிரான்ஸ்பார்மர் எண்ணெயைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். எண்ணெயின் முறிவு மின்னழுத்தத்தை அளக்கும் பிடிவி டெஸ்ட் செய்கிறவர்களுக்கு அது போதாது. மின்முனைகளுக்கு நடுவே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. குமிழி விழாமல் எண்ணெயை மெதுவாக ஊற்றி, ஐந்து நிமிடம் அடங்கவிட்டு, நொடிக்கு 2 கேவி வீதம் ஏற்ற வேண்டும். 'பட்'டென்று பொறி விழுந்ததும் குறித்துக்கொண்டு, கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. இப்படி ஆறு முறை எடுத்துச் சராசரி போட வேண்டும். ஒரு முறை 40, அடுத்த முறை 56 என்று தாவுவது சாதாரணம். ஆறும் ஒரே எண்ணாக எழுதிய ரிப்போர்ட்டைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்! எண்ணெயில் ஈரம் குடித்த நூலிழைகள் மிதந்தால், மின்புலம் அவற்றை இழுத்து வரிசையாக நிறுத்திப் பாலம் கட்டிவிடும். எந்த நொடியில் கட்டும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதனால்தான் எண்ணெய்க்கு வெறுமனே "50 கேவி" என்று எழுதுகிறோம், மில்லிமீட்டருக்கு 20 என்று வகுத்து எழுதுவதில்லை.

அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சோதித்த தடிமனையும், அது உச்ச மதிப்பா ஆர்எம்எஸ்ஸா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். ஐடிஐ மாணவர்கள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள்.

— டிரான்ஸ்பார்மர் பட்டறை ஊழியர், ஈரோடு