வயதின் மேல் பழி போடும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முதுமைக்கால உடல்நலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உணவு, நடை, தூக்கம் எல்லாம் சரி. ஆனால் 'வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறோமே, அதைப் பற்றியும் எழுதியிருக்கலாம்.

என் அம்மா வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசியும். எங்கே போனாலும் கழிவறைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்காருவார். இரண்டு வருடம் மறைத்தார். ஒருநாள் மெல்லச் சொன்னபோது, "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானேம்மா" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். அதில் இன்னொரு வருடம் போயிற்று. தண்ணீர் குறைந்ததில் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, கடைசியில் தலைசுற்றல். அப்புறம்தான் மருத்துவரிடம் போனோம். அடிவயிற்றுக்குக் கீழே உள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மாதம் விடாமல் செய்தார். கசிவு பெரும்பாலும் நின்றுவிட்டது. மருந்து இல்லை, அறுவை சிகிச்சை இல்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அமெரிக்காவின் ஒஹையோவில் 50 வயதைத் தாண்டிய 660 பேரைப் பற்றிய ஆய்வை பெக்கா லெவி குழுவினர் 2002-இல் வெளியிட்டார்கள். தம் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட சுமார் 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எண்ணம் மட்டுமே ஆயுளைக் கூட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போனால் பலன் உண்டு என்று நம்புகிறவர்தானே பரிசோதனைக்குப் போவார், மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் இருப்பார்?

'இனி உடம்பு தேறாது' என்பதும் உண்மையில்லை. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பலவீனமான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990-இல் வந்தது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டு வலி, மறதி, தள்ளாட்டம் என்று முதியவர் வந்தால், முதலில் பரிசோதியுங்கள். வயதைக் காரணம் சொல்வதெல்லாம் அப்புறம். பிள்ளைகளுக்கும் இதேதான்.

போன வாரம் அம்மா தானாகவே வந்து, "இடது காது சரியாகக் கேட்கலை, காட்டணும்" என்றார். வியாழக்கிழமை போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி