மட்டக்களப்பு பட்டறை உரிமையாளர் சங்கம்: 2024 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம், ஸலாம்.

இவ்வருடம் நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. ஆயுத பூசை வழமைபோல் நடந்தது. இரண்டு குடும்பங்களுக்கு மரண உதவி கொடுத்தோம். நவம்பர் வெள்ளம் புகுந்த பட்டறைகளைத் துப்புரவாக்கக் கைகொடுத்தோம்.

இனி கணினி வரைபட வகுப்பு. "புதிதாக வந்த விளையாட்டு, வீண்செலவு" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் சொல்லப்பட்டதால் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன்.

இது புதிதல்ல. 1963இலேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆய்வு மாணவர் கணினித் திரையில் ஒளிப்பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். ஓட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருள் 1982இல் வந்தது. கணினியிலேயே வரைந்த போயிங் 777 விமானம் 1994இல் பறந்தது. நாங்கள் இன்றும் சிமெந்துத் தரையில் சோக்கால் கேற் வரைகிறோம். அதில் பிழையில்லை, எனக்குத் தொழில் பழக்கிய மாமாவும் அப்படித்தான் வரைந்தார். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் இப்போது வரைபடத்தைப் போனில் கொண்டு வருகிறார்கள். அதைத் திறந்து அளவெடுக்க ஆளில்லாவிட்டால் வேலை கொழும்புக்குப் போகிறது. என் பட்டறையிலிருந்தே ஒரு படிக்கட்டுக் கிறில் வேலை அப்படிப் போனது.

அதனால்தான் பழைய கணினி இரண்டு வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் பிரீகேட் என்ற வரைபட மென்பொருளைப் போட்டு, ஞாயிறு காலையில் வகுப்பு வைத்தோம். எட்டுக்கு நாலடித் தகட்டில் கேற்றின் பூவேலைத் துண்டுகளைத் திரையிலேயே திருப்பித் திருப்பி அடுக்கினோம். மூன்று தகடு என்று நினைத்த வேலை இரண்டில் முடிந்தது.

பிழையும் நடந்தது. ஒரு தம்பி அங்குலத்துக்கு 25.4 மில்லிமீற்றர் போடாமல் 25 என்று போட்டுவிட்டார். நாலடியில் 19 மில்லிமீற்றர் குறைந்தது. அதைப் பிடித்தவர் கணினியைத் தொட்டே பார்க்காத மூத்த ஓடாவி. "இதென்ன மனே 1200? நாலடிப் பலகையில 1220 வருமே" என்றார். வெட்டியிருந்தால் தகடு முழுக்க நட்டம். கையால் தொழில் செய்தவர் பக்கத்தில் இருந்தால்தான் இந்தப் படிப்பு உருப்படும். ஆனால் மூத்தவர்களில் மூன்று பேர்தான் வந்தார்கள்.

படித்தவன் கத்தாருக்குப் போய்விடுவான் என்றும் ஒருவர் சொன்னார். இருவர் போனது உண்மைதான். மற்றவர்கள் இங்கேதான், உங்கள் பட்டறைகளில்தான் வேலை செய்கிறார்கள்.

கணக்கில் வரவை விடச் செலவு சற்றுக் கூடியிருக்கிறது. விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். மார்ச் மாதத்துக்குப் பிறகு அரைவாசிப் பேர் சந்தா கட்டவில்லை. இரண்டு கூட்டங்கள் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) சேராமல் கலைந்தன. அன்று வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனவருத்தம்தான்.

மண்டபம் தந்தவர்களுக்கும், வகுப்பெடுத்த தங்கைக்கும், தேநீர் தந்த பட்டறைகளுக்கும் நன்றி.

வெள்ளத்தில் ஒரு கணினி பழுதாகிவிட்டது. மற்றதை வைத்துத் தைப்பொங்கலுக்குப் பின் வகுப்பைத் தொடங்கப் போகிறேன். நிலுவைச் சந்தா வந்தால் இன்னொன்று வாங்கலாம், வராவிட்டால் ஒன்றில் எட்டுப் பேர் பழக வேண்டும். பட்டறைக்கு ஒருவரையாவது அனுப்புங்கள். மண்டபத் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது, ஞாயிறு எட்டரைக்குத் திறந்து வைப்பேன்.

செயலாளர்