அரவிந்த்சாமியோடு வளர்ந்தவளின் நன்றி மடல்

அன்புக்குரியவர்களுக்கு,

பன்னிரண்டு வயதில் அரவிந்த்சாமி என்ற நடிகர் மீது ஏற்பட்ட விருப்பம், பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் ஒருத்தியிடம் குறையாமல் இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் பலருடைய கை இருக்கிறது. என் விடயத்தில் அந்தக் கைகள் பெரும்பாலும் கொழும்பின் வெள்ளவத்தையைச் சேர்ந்தவை. உங்களில் ஒருவர்கூட என்னைப் பரிகசிக்கவில்லை, "இது என்ன பைத்தியம்" என்று கேட்கவில்லை. இவ்வளவு காலமாக மனதில் இருந்த நன்றியை இன்று எழுத்தில் சொல்கிறேன்.

முதலில், எங்கள் ஒழுங்கை முனையில் வீடியோ கடை வைத்திருந்த அண்ணாவுக்கு. 1991 இல் வந்த 'தளபதி'யில், ரஜினிகாந்துக்கும் மம்மூட்டிக்கும் முன்னால் பதற்றமின்றி நின்ற இளம் கலெக்டரை வீட்டில் எல்லோரும்தான் பார்த்தோம். அடுத்த வருடம் 'ரோஜா' வந்த பிறகு அவரை நான் மட்டும் தனியாகப் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் படத்தின் கசெற் அயலெங்கும் ஓடி ஓடித் தேய்ந்து, பனிமலைக் காட்சிகளில் வெள்ளைக் கோடுகள் விழுந்து, முகமே தெரியாமல் படம் துள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அண்ணா கசெற்றின் மூடியை விரலால் உயர்த்தி, நாடா சுருங்கியிருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் புதிய கொப்பி ஒன்றை மண்ணிறத் தாளில் சுற்றி எடுத்து வந்தார். "இது வேற ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல, தங்கச்சி" என்றார். டெக்கின் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது எப்படி என்று அன்று அவரிடம் கற்றுக்கொண்டதை, அந்த டெக் வீட்டில் இருந்த காலம் முழுவதும் செய்து வந்தேன்.

காலி வீதிப் புத்தகக் கடையில் இந்திய வார இதழ்கள் வந்திறங்கும் நாளை அறிந்து வைத்து வாங்கி வந்த அம்மாவுக்கும், அலுமாரிக் கதவின் உட்புறத்தை அவருடைய படங்களுக்கென்று விட்டுக்கொடுத்த அக்காவுக்கும் என் நன்றி. அவர் மணமுடித்த செய்தி வந்த கிழமையில், ரியூசன் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்து ஒன்றும் பேசாமல் என் குறிப்புகளையும் சேர்த்து எழுதிய தோழியையும் நான் மறக்கவில்லை.

மச்சாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலியில் பாட்டுக் கேட்ட காலத்தில் வளர்ந்தவள் அவள். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் முழுவதும் வீடுகளை விட்டு வெளிக்கிட்ட அந்த மழை இரவில் அவளும் நடந்தாள். பிறகு பல இடங்கள் மாறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது, ஏ. ஆர். ரஹ்மானின் முதற் படமான 'ரோஜா'வின் பாடல்கள் எல்லாம் அவளுக்கு வரி தவறாமல் பாடமாக இருந்தன. அந்தப் பாடல்களுக்கு உரிய முகத்தை மட்டும் அவள் கண்டிருக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் "இவரே அவர்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவர் எங்கள் இருவருக்கும் பொதுவானவர். நான் முகத்தைப் பார்த்துப் பழகியவள். குரல் எங்கே தழைகிறது, வசனத்துக்கு முன் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதையெல்லாம் கவனிக்க எனக்குக் கற்றுத் தந்தவள் அவள்தான். 1997 இல் 'மின்சார கனவு' பார்த்து, விரும்பிய பெண்ணை விட்டுக்கொடுத்துப் பாதிரியாராகும் தோமஸுக்காக இருவரும் ஒன்றாகவே அழுதோம்.

2000 இல் 'அலைபாயுதே'யில் சிறிது நேரம் வந்துவிட்டு அவர் திரையை விட்டு விலகிய பிறகு, வியாபாரமும் முதுகெலும்புக் காயமும் அவருடைய வருடங்களை எடுத்துக்கொண்டன. சோதனைச் சாவடிகளும் வேலையும் கல்யாணமும் பிள்ளைப்பேறுமாக எங்கள் வருடங்களும் போயின. 2013 இல் 'கடல்' வந்தபோது, நான் கேட்காமலே ரிக்கற் எடுத்து வந்த என் கணவருக்கு நன்றி. அதில் அவர் சாம் பெர்னாண்டோ என்ற பாதிரியார். பெர்னாண்டோக்கள் நிறைந்த எங்கள் ஊரில் அந்தப் பெயரோடு அவர் திரும்பி வந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முகத்தில் வயது தெரிந்தது. அந்த முகம் முன்னையதிலும் அழகாக இருந்தது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வருடம் கழித்து 'தனி ஒருவன்' பார்த்த என் மகள்மார் வில்லன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கும் நன்றி.

அரவிந்த்சாமி அவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது 2024 இல் வந்த 'மெய்யழகன்' பற்றியது. 1996 இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து போகும் அருள்மொழி, இருபத்திரண்டு வருடங்களின் பின் ஊர்க் கல்யாணத்துக்குத் திரும்பி வந்து, மணமேடையில் தங்கைக்குத் தன் கையால் நகை அணிவிப்பதை அம்மா என் பக்கத்தில் இருந்து பார்த்தார். யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றி எங்களிடம் பேசியே இராத அம்மா, திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் இருந்து, முன் விறாந்தையின் சிவப்புச் சீமெந்து, கிணற்றடித் துவைகல், எந்தக் கொப்பில் கறுத்தக்கொழும்பான் மாங்காய் முதலில் பழுக்கும் என்பது வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எத்தனையோ முறை கேட்டும் கிடைக்காததை உங்கள் நடிப்பு எனக்குப் பெற்றுத் தந்தது.

அன்று அம்மாவுக்குப் படியேறாமல் அமரக்கூடிய ஓர இருக்கையைப் பிடித்துத் தந்த திரையரங்குத் தம்பிக்கும் நன்றி. அரவிந்த்சாமியின் அடுத்த படத்தை மச்சாள் ரொறொன்ரோவிலும் நாங்கள் இங்குமாக முதல் நாளே பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம். தம்பி, அதே இருக்கையை அம்மாவுக்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நன்றியுடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு ரசிகை
கொழும்பு 06